பத்தாயிரம் கோடி ராண்ட் நிதி: சாட்ஸ்வர்த் தையல் பட்டறைக்கு அதில் என்ன இருக்கிறது?

2025 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் வணிக, தொழில், போட்டித் துறை ஒரு வரைவை மக்கள் கருத்துக்காக வெளியிட்டது. அமைச்சர் பார்க்ஸ் டாவு முன்வைத்த அதன் பெயர் ‘டிரான்ஸ்ஃபர்மேஷன் ஃபண்ட்’, அதாவது மாற்றத்துக்கான நிதி. ஆண்டுக்கு 2,000 கோடி ராண்ட் வீதம் ஐந்து ஆண்டில் 10,000 கோடி ராண்ட் திரட்டிக் கறுப்பினத்தவர் நடத்தும் தொழில்களுக்குக் கொடுப்பது நோக்கம். பெரிய நிறுவனங்கள் இது புதிய வரியோ என்று முணுமுணுத்தன. சிறு வணிகர்கள் பலர் கடன் கொடுக்கப் போகிறார்கள், மனுப் போட்டால் போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு: “கறுப்பினத்தவர் என்றால் நாமும் சேர்த்தியா?”

நிதியைப் பற்றிப் பேசுமுன் அரசும் பெரிய நிறுவனங்களும் எப்படிச் சரக்கு வாங்குகின்றன என்பது தெரிய வேண்டும். இரண்டு இடத்திலும் மதிப்பெண் போடுகிறார்கள். ஆனால் அரசு போடுவது உங்களுக்கு. பெரிய நிறுவனம் போடுவது தனக்குத் தானே. இந்த வித்தியாசம் பிடிபடாமல் சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆர்டருக்குக் காத்திருப்பவர்கள்தான் அதிகம்.

சட்டம் எங்கே தொடங்குகிறது

1996 அரசியலமைப்பின் 217ஆவது பிரிவு, அரசு எதை வாங்கினாலும் அந்த முறை நியாயமாக, சமத்துவமாக, வெளிப்படையாக, போட்டியோடு, செலவுக்கேற்ற பலன் தருவதாக இருக்க வேண்டும் என்கிறது. அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, முன்பு ஒதுக்கி வைக்கப்பட்டவர்களுக்கு முன்னுரிமை தரவும் இடம் கொடுக்கிறது.

ஒதுக்கி வைத்தது எப்படி என்று டர்பன்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1950இன் குழுப் பகுதிச் சட்டம் எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம், எங்கே கடை போடலாம் என்று வகுத்தது. சாட்ஸ்வர்த்தே அந்தச் சட்டம் எழுப்பிய ஊர். நகரத்தின் பெரிய ஆலைகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் சரக்கு கொடுக்கும் வழி இந்திய வம்சாவளியினருக்குப் பெரும்பாலும் அடைபட்டே இருந்தது. நம் ஆட்களின் வியாபாரம் நம் ஆட்களோடு நின்றுபோனதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இந்த முன்னுரிமை எண்ணத்தை இரண்டு சட்டங்கள் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. ஒன்று, 2000இல் வந்த அரசுக் கொள்முதல் முன்னுரிமைச் சட்டம். மற்றொன்று 2003இல் வந்த பரந்த அடிப்படையிலான கறுப்பினப் பொருளாதார வலுவூட்டல் சட்டம். எல்லோரும் சுருக்கிப் ‘பிஇஇ’ என்பது இரண்டாவதைத்தான்.

‘கறுப்பினத்தவர்’ யார்?

பிஇஇ சட்டத்தில் இந்தச் சொல் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரையும் குறிக்கிறது. 2008இல் பிரிட்டோரியா உயர்நீதிமன்றத் தீர்ப்பால் சீன வம்சாவளியினரும் சேர்ந்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை: பிறப்பால் அல்லது வம்சாவளியால் தென்னாப்பிரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், குடியுரிமை பெற்றவர் என்றால் 1994 ஏப்ரல் 27க்கு முன் பெற்றிருக்க வேண்டும். அந்தத் தேதிக்கு முன்பே பெறும் தகுதி இருந்தும் நிறவெறிக் கொள்கையால் பெற முடியாமல் போனவர்களுக்கும் இடம் உண்டு.

ஆக, 1860இல் தொடங்கி சென்னையிலிருந்து கப்பலேறி நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சேர்த்தி. 2005இல் கோயம்புத்தூரிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு மென்பொருள் வேலைக்கு வந்து, பிறகு குடியுரிமை வாங்கியவர் சேர்த்தி இல்லை. இருவரும் கூட்டாகத் தொழில் தொடங்கினால் பங்கு யாரிடம் எவ்வளவு என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். வந்தவரிடம் 60 விழுக்காடு, உள்ளூர்க்காரரிடம் 40 விழுக்காடு என்றால் அந்த நிறுவனம் ‘51 விழுக்காடு கறுப்பின உரிமை’ என்ற கோட்டைத் தாண்டாது.

இங்கேதான் பினாமி ஆசை வருகிறது. உள்ளூர்க்காரர் பெயரில் 51 விழுக்காடு எழுதிவிட்டு, வங்கிக் கணக்கும் முடிவும் மற்றவர் கையில் இருப்பது. 2013 திருத்தத்துக்குப் பிறகு இது குற்றம். பத்து ஆண்டு வரை சிறை, நிறுவனத்துக்கு ஆண்டு வருமானத்தில் பத்து விழுக்காடு வரை அபராதம். பெயரைக் கொடுத்த மாமாவும் தப்ப முடியாது.

பிஇஇ கணக்கில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 1 முதல் 8 வரை ஒரு நிலை உண்டு; 1ஆம் நிலையே உயர்ந்தது. சிறியவர்களுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் சலுகை பெரிது. பொது விதித் தொகுப்பின்படி:

1. ஆண்டு வருமானம் 1 கோடி ராண்டுக்கு உட்பட்ட நிறுவனத்துக்குத் தணிக்கை எதுவும் இல்லாமலே 4ஆம் நிலை கிடைக்கும். கறுப்பின உரிமை 51 விழுக்காடாவது இருந்தால் 2ஆம் நிலை. முழுவதுமாக இருந்தால் 1ஆம் நிலை.

2. வருமானம் 1 கோடிக்கு மேல் 5 கோடிக்குள் இருந்தாலும், 51 விழுக்காடு உரிமை இருந்தால் இதே 2ஆம், 1ஆம் நிலைகள்தான்.

3. இதற்குத் தேவை ஒரு பிரமாணப் பத்திரம். காவல் நிலையத்தில் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டால் முடிந்தது, காசு கிடையாது. இதையே ‘சான்றிதழ்’ என்று அலங்காரமாக அச்சடித்துக் கொடுத்து ஆயிரக்கணக்கில் வாங்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். கொடுக்க வேண்டாம்.

கட்டுமானம், சுற்றுலா போன்ற சில துறைகளுக்குத் தனி விதித் தொகுப்பு உண்டு. வருமான வரம்புகள் அங்கே மாறும்.

அரசு போடும் மதிப்பெண்

30,000 ராண்டிலிருந்து 5 கோடி ராண்ட் வரையான கொள்முதலுக்கு 80/20 முறை. அதற்கு மேல் 90/10. விலைக்கு 80, குறிப்பிட்ட சமூக இலக்குகளுக்கு 20 என்று பொருள். மிகக் குறைந்த விலை சொன்னவருக்கு 80 முழுதாகக் கிடைக்கும். மற்றவருக்கு, அவர் விலை எத்தனை விழுக்காடு கூடுதலோ 80இல் அத்தனை விழுக்காடு குறையும்.

ஒரு கற்பனைக் கணக்கு. மருத்துவமனைப் பணியாளர்களுக்குச் சீருடை. பெரிய நிறுவனம் 10 லட்சம் ராண்ட் கேட்கிறது. இலக்குகளில் அதற்கு எதுவும் இல்லை. சாட்ஸ்வர்த் தையல் பட்டறை 11 லட்சம் கேட்கிறது. இலக்குகளில் முழு 20. பெரியவருக்கு 80. பட்டறைக்கு விலையில் 72, இலக்கில் 20, மொத்தம் 92. பட்டறை வெல்கிறது. இதே 10 விழுக்காடு வித்தியாசம் 90/10 முறையில் வந்தால் 90க்கு 91; நூலிழையில் வெற்றி.

இந்தச் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். போட்டியாளருக்கு இலக்கு மதிப்பெண்ணே இல்லாதபோதும், 80/20இல் உங்கள் விலை 25 விழுக்காடு கூடினால் சமன்; அதற்கு மேல் போனால் தோல்வி. 90/10இல் அந்த எல்லை ஏறக்குறைய 11 விழுக்காடு. போட்டியாளருக்கும் 12 மதிப்பெண் கிடைத்துவிட்டால் உங்கள் கையில் இருப்பது 8 மதிப்பெண் வித்தியாசம், அதாவது 10 விழுக்காடு விலை. துணியை மொத்தமாக இறக்கும் ஆலைக்கும் கடையில் சுருள் சுருளாக வாங்கும் பட்டறைக்கும் இடையிலான விலை வித்தியாசமே அதை விழுங்கிவிடும். ‘நாம் 1ஆம் நிலை, டெண்டர் நமக்குத்தான்’ என்ற பேச்சு ஏன் அடிக்கடி பொய்க்கிறது என்பதற்கு விடை இந்தக் கழித்தலில் இருக்கிறது.

‘குறிப்பிட்ட இலக்கு’ என்பதும் இப்போது பிஇஇ நிலை மட்டும் இல்லை. 2017 விதிகளை அரசியலமைப்பு நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் செல்லாது என்றது. அமைச்சர் தம் அதிகார எல்லையைத் தாண்டிவிட்டார் என்பது காரணம். 2023 ஜனவரி 16 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில் (இவற்றின் பெயர் 2022 விதிகள்), எந்த இலக்குக்கு எத்தனை மதிப்பெண் என்பதை ஒவ்வொரு அரசு அமைப்பும் தானே வகுத்து, டெண்டர் ஆவணத்தில் எழுத வேண்டும். ஓர் இடத்தில் பெண் உரிமையாளருக்கு மதிப்பெண், இன்னோர் இடத்தில் இளைஞருக்கு, மற்றோர் இடத்தில் உள்ளூர் முகவரிக்கு. ஆவணத்தின் அந்த ஒரு பக்கத்தை முதலில் படித்து, உங்களுக்கு எத்தனை தேறும் என்று பார்த்த பிறகு விலை போடுவது புத்திசாலித்தனம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

தையல்காரர்களுக்கு இன்னொரு இழப்பு. 2017 விதிகளின் கீழ் துணி, ஆடை வகைகளில் அரசு வாங்குவது முழுக்க உள்நாட்டு உற்பத்தியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. 2022 விதிகளில் அது இல்லை. 2024 ஜூலையில் குடியரசுத் தலைவர் ரமபோசா கையெழுத்திட்ட அரசுக் கொள்முதல் சட்டம் உள்நாட்டு உற்பத்தி, சிறு நிறுவனங்களுக்கான ஒதுக்கீடு, துணை ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு மீண்டும் இடம் கொடுக்கிறது; 2000ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நீக்குகிறது. கையெழுத்தானதாலேயே ஒரு சட்டம் அமலாகிவிடாது. பிரிவுகள் நடைமுறைக்கு வரும் நாளைத் தனியே அறிவிக்க வேண்டும்; அதுவரை செல்லுபடியாவது பழைய கணக்கு. டெண்டர் ஆவணத்தின் முகப்பில் எந்தச் சட்டத்தின் கீழ் என்று இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய நிறுவனத்தின் கணக்கு வேறு

டர்பனையே எடுத்துக்கொள்ளுங்கள்: புரோஸ்பெக்டனில் கார் தொழிற்சாலை, மெரபேங்கில் காகித ஆலை, துறைமுகத்தைச் சுற்றிச் சரக்கு நிறுவனங்கள். இவர்கள் தங்கள் பிஇஇ மதிப்பெண்ணுக்காக யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்று ஆண்டுதோறும் காட்டியாக வேண்டும். 1ஆம் நிலை வழங்குநரிடம் 100 ராண்டுக்கு வாங்கினால் ஏட்டில் 135 ராண்டாகப் பதிவாகும். 2ஆம் நிலைக்கு 125. 4ஆம் நிலைக்கு 100. 8ஆம் நிலைக்கு வெறும் 10. உங்கள் பிரமாணப் பத்திரம் அவர்களுக்கு ஏன் தேவை என்பது இப்போது புரிந்திருக்கும். அவர்களுடைய மதிப்பெண் பட்டியலின் ஒரு கட்டத்தை நிரப்பும் தாள் அது.

வாங்குவது மட்டும் போதாது, வழங்குநரை வளர்க்கவும் வேண்டும். வரி போக நிகர லாபத்தில் 2 விழுக்காடு வழங்குநர் மேம்பாட்டுக்கு, அதாவது தங்களுக்கு ஏற்கெனவே சரக்கு தரும் சிறு நிறுவனங்களுக்கு. இன்னும் 1 விழுக்காடு தொழில் மேம்பாட்டுக்கு, அதாவது இன்னும் உள்ளே வராதவர்களுக்கு. 5 கோடி ராண்ட் லாபம் ஈட்டும் நிறுவனம் முதலாவதற்கு 10 லட்சமும் இரண்டாவதற்கு 5 லட்சமும் காட்ட வேண்டும். இது முன்னுரிமைக் கூறு என்பதால் குறைந்தபட்சத்தை எட்டாவிட்டால் நிறுவனத்தின் நிலையே ஒரு படி இறங்கிவிடும். இறங்கினால் அவர்களிடம் வாங்குபவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் வந்து கதவைத் தட்டுவதற்குப் பின்னால் இருக்கும் அழுத்தம் இதுதான். தர்ம சிந்தனையும் ஓரளவு இருக்கலாம்.

புதிய நிதியின் விதை இங்கேதான் இருக்கிறது. இந்த 3 விழுக்காட்டை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகச் செலவழிப்பதற்குப் பதில் ஒரே பெட்டியில் போட்டால் என்ன என்பதே வரைவின் மையக் கருத்து. எனவே ‘புதிய வரி’ என்பது சரியான விவரிப்பு ஆகாது. இருக்கும் கடமையை வேறு பாதையில் திருப்பும் ஏற்பாடு. மனுப் போட்டால் எல்லோருக்கும் கடன் என்பதும் தவறான நினைப்பு.

வாசலில் கேட்கும் தாள்கள்

1. நிறுவனப் பதிவும், வரி நிலுவை இல்லை என்று காட்டும் வருவாய்த் துறையின் ரகசியக் குறியீட்டு எண்ணும் (PIN). வரிக் கணக்கு ஒரு மாதம் தவறினாலும் அந்த எண் சிவப்பைக் காட்டும்.

2. நிதி அமைச்சகத்தின் மைய வழங்குநர் தரவுத்தளத்தில் பதிவு. 2016 ஏப்ரல் முதல் அரசுக்கு விற்க இது கட்டாயம், பதிவு இலவசம், ‘எம்ஏஏஏ’ என்று தொடங்கும் எண் கிடைக்கும். இந்த எண் கிடைத்தவுடன் ஆர்டர் தேடி வரும் என்று நினைப்பது திருமணப் பதிவகத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் பந்தல் போடுவது மாதிரி. டெண்டர்களை அரசின் இ-டெண்டர் தளத்தில் நீங்கள்தான் தேட வேண்டும், அதுவும் இலவசம்.

3. ஈதெக்வினி (டர்பன்) போன்ற மாநகராட்சிகளுக்கு விற்பதென்றால், உங்கள் நிறுவனமோ இயக்குநரோ செலுத்த வேண்டிய மாநகராட்சிக் கட்டணம் மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி இருக்கக் கூடாது. தண்ணீர் பில் தகராறில் கிடப்பவர்கள் முதலில் அதைத் தீர்த்துக்கொள்ளட்டும்.

4. கட்டட வேலை என்றால் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் 1 முதல் 9 வரையான தரப் பதிவு.

5. எஸ்பிடி 4 என்னும் உறவு வெளிப்படுத்தல் படிவம். நம் குடும்பங்கள் இடறுவது இங்கேதான். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் மனைவியை நம்பிக்கைக்காக நிறுவன இயக்குநராகப் போட்டிருப்பார்கள். 2016ஆம் ஆண்டின் அரசுப் பணி விதிகளின்படி அரசு ஊழியர் அரசோடு வியாபாரம் செய்யக் கூடாது. அப்படிச் செய்யும் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருக்கக் கூடாது. டெண்டர் போகும், அவர் வேலைக்கும் ஆபத்து.

தேசிய, மாகாணத் துறைகளில் 10 லட்சம் ராண்ட் வரை எழுத்துமூல விலைப்புள்ளியே போதும். முழு டெண்டர் தேவையில்லை. முதல்முறை முயல்பவர்களுக்கு ஏற்ற அளவு இதுதான் என்பது என் கருத்து.

பணம் எப்போது வரும்?

பயிற்சிக் கூட்டங்களில் இதைக் கடைசிப் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். சிறு நிறுவனம் மூழ்குவதோ பெரும்பாலும் இதில்தான்.

பட்டறைக்கு 6 லட்சம் ராண்ட் ஆர்டர் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். துணி, நூல், ஜிப் 3 லட்சம். புதிய வாடிக்கையாளர் என்பதால் கடனுக்குக் கிடைக்காது. ஆறு வாரக் கூலி 1.2 லட்சம், வெள்ளிக்கிழமைதோறும் கொடுத்தாக வேண்டும். சரக்கு போகும் முன்பே 4.2 லட்சம் கையை விட்டுப் போய்விடும். வாடகை, மின்சாரம், வண்டி எல்லாம் போக லாபம் 70,000 நிற்கிறது என்று கொள்வோம்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசுத் துறைகளுக்கு நிதி அமைச்சக விதிகளும், மாநகராட்சிகளுக்கு நகராட்சி நிதி நிர்வாகச் சட்டமும் 30 நாளுக்குள் பணம் கொடுக்கச் சொல்கின்றன. சரியாகவே கொடுத்தாலும் துணி வாங்கிய நாளிலிருந்து இரண்டரை மாதம். 4.2 லட்சத்தை மாதம் 2 விழுக்காடு வட்டிக்கு வாங்கியிருந்தால் தோராயமாக 21,000 போகும். பணம் இன்னும் மூன்று மாதம் இழுத்தால் வட்டி 46,200. எழுபதில் மிஞ்சுவது 23,800. அதற்குள் அடுத்த ஆர்டருக்குத் துணி வாங்கக் காசில்லை. ஏட்டில் லாபம் ஈட்டும் நிறுவனம், கையில் காசில்லாமல் மூடும்.

தாமதத்துக்கு வட்டி கேட்கச் சட்டப்படி உரிமை உண்டு. கேட்டவருக்கு அடுத்த விலைப்புள்ளி அழைப்பு வருமா என்ற அச்சத்தில் யாரும் கேட்பதில்லை. உரிமை என்பது சில இடங்களில் தாளோடு நிற்கிறது.

செய்யக்கூடியவை சில உண்டு:

1. சரக்கு ஏற்கப்பட்டதற்கான கையெழுத்தும் தேதியும் இல்லாமல் திரும்ப வேண்டாம். சரியான பில் கைக்கு வந்த நாளிலிருந்தே 30 நாள் ஓடத் தொடங்கும். கொள்முதல் ஆணை எண் விடுபட்ட பில் திரும்பி வந்தால் நாள் மறுபடி முதலிலிருந்து.

2. பெரிய நிறுவனத்திடம் பேரம் பேசும்போது, விலையைக் கூட்டுவதைவிட விரைந்த பணப்பட்டுவாடாவைக் கேளுங்கள். சிறு வழங்குநருக்கு முன்கூட்டிப் பணம் கொடுப்பதையே வழங்குநர் மேம்பாட்டுப் பங்களிப்பாகக் காட்ட பிஇஇ விதிகள் இடம் தருகின்றன. கொள்முதல் அதிகாரிக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர்களுடைய பிஇஇ பொறுப்பாளருக்குத் தெரியும்.

3. ஆர்டரைக் காட்டிக் கடன் கேட்பதென்றால், சிறு தொழில் மேம்பாடு, கடன் இரண்டுக்கும் தனித்தனியாக இருந்த செடா, செஃபா அமைப்புகள் 2024 அக்டோபரில் ஒன்றாக இணைக்கப்பட்டுள்ளன. டெண்டர் போடும் முன்பே போய்ப் பேச வேண்டும். கிடைத்த பிறகு போனால் ஒப்பந்தத் தேதிக்குள் கடன் வந்து சேராது.

4. ஆண்டு வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே வாங்குபவரிடம் மாட்டிக்கொள்ளாதிருப்பது நல்லது. சொல்வது எளிது, தெரியும்.

முப்பது விழுக்காடு என்னும் தொல்லை

3 கோடி ராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் இயன்ற இடத்தில் 30 விழுக்காட்டைச் சிறு நிறுவனங்களுக்குத் துணை ஒப்பந்தமாகத் தர வேண்டும் என்று 2017 விதிகள் சொன்னன. நல்ல எண்ணம். டர்பன் இருக்கும் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் அது ஆயுதமேந்திய கும்பல்கள் கட்டுமானத் தளங்களுக்கு வந்து “எங்கள் முப்பது எங்கே?” என்று வேலையை நிறுத்தும் வழக்கமாக உருமாறியது. விதியில் எந்தக் குழுவுக்கும் அப்படி வசூலிக்கும் உரிமை தரப்படவில்லை. 2022 விதிகளில் அந்த முப்பதே இல்லை. கும்பல்கள் மட்டும் போகவில்லை. 2024 நவம்பரில் டர்பனில் கூடிய தேசியக் கட்டுமான மாநாடு இதற்கு எதிராக ஒரு பிரகடனம் வெளியிட்டது. முறையாகத் துணை ஒப்பந்தம் தேடும் சின்ன மின்பணியாளரையும் குழாய்க்காரரையும் தள மேலாளர் சந்தேகத்தோடு பார்ப்பது இதன் பக்கவிளைவு.

நிதி வந்தால் யாருக்குப் பயன்?

இப்போதைய முறையில் ஒரு பெரிய நிறுவனம் உங்களுக்குத் தையல் இயந்திரம் வாங்கித் தந்தால், அந்த முதலீடு பலிக்க உங்களிடம் வாங்கவும் அதற்கு ஆர்வம் இருக்கும். தங்கள் ஆட்களை அனுப்பித் தரக்கட்டுப்பாடு சொல்லிக்கொடுப்பார்கள். பணமும் ஆர்டரும் ஒரே கையிலிருந்து வருகின்றன. எதிர்ப்பக்கமும் உண்டு: தெரிந்தவருக்கே போகிறது, பயிற்சிப் பட்டறைக்கும் ஆலோசகர் கூலிக்கும் கரைகிறது, ஆண்டு முடிவில் மதிப்பெண்ணுக்காக அவசரமாக அள்ளி விடப்படுகிறது. டொங்காட்டில் யாருக்கும் தெரியாமல் நன்றாகத் தைக்கும் ஒருவருக்கு இன்றைய முறையில் வழியே இல்லை. மையப் பெட்டி அவரைக் கண்டுபிடிக்கக்கூடும். ஆனால் பெட்டியில் காசோலை போட்ட நிறுவனத்துக்குக் கடமை தீர்ந்தது. அவரிடம் ஒரு சட்டை வாங்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

ஆகவே விண்ணப்பப் படிவம் வெளியானால் தொகையைப் பார்க்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். பணத்தோடு வாங்குபவர் ஒருவரும் இணைக்கப்படுகிறாரா? கடனா, மானியமா, கடனென்றால் தவணை எப்போது தொடங்குகிறது? ஆர்டருக்கும் பில் பணத்துக்கும் இடைப்பட்ட மாதங்களுக்கான நடைமுறை மூலதனம் தருவார்களா, இயந்திரம் வாங்க மட்டுந்தானா? மூன்றாவதற்கு ‘இயந்திரம் மட்டும்’ என்று பதில் வந்தால், கூலிக்கும் துணிக்கும் காசு எங்கிருந்து வரும் என்பதைக் கணக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.